மார்பில் ஒரு பேட்ஜ், பெட்டிக்குள் இரண்டு கதிர்

நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நீலாய், லாபு, ரந்தாவ் பக்கமெல்லாம் பால்மரம் நின்ற மண்ணில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற மண்ணில் இப்போது வீடமைப்பும் சாலையும் தொழிற்பேட்டையும் வருகின்றன. பண்டார் ஸ்ரீ செண்டாயான், பண்டார் என்ஸ்டெக் இரண்டும் தோட்டத்து மண்ணில் எழுந்த ஊர்கள்தாம். லாரி லாரியாக மண் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்கிய பிறகு, அது போதுமான அளவு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண் பரிசோதனை நிறுவனங்களில் சில இதற்கு நியூக்ளியர் கேஜைப் பயன்படுத்துகின்றன. கைப்பிடி வைத்த ஒரு பெட்டி அது. தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரால் டிராக்ஸ்லர் என்றே அழைப்பவர்களும் உண்டு. தோட்டத்தில் பிறந்து, சிரம்பானில் படித்து, இப்படிப்பட்ட வேலைகளுக்குப் போகிற நம் பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்கு மேற்பார்வை பார்ப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு கதிர்மூலங்கள் இருக்கின்றன. ஒன்று சீசியம்-137. வழக்கமாக 0.3 கிகாபெக்கரல் அளவில் இருக்கும். இதன் காமா கதிரை வைத்து மண்ணின் அடர்த்தியை அளக்கிறார்கள். இன்னொன்று பெரிலியத்தோடு சேர்த்து அடைத்த அமெரிசியம்-241, சுமார் 1.48 கிகாபெக்கரல். அமெரிசியம் விடுகிற ஆல்ஃபா துகள் பெரிலியத்தில் மோத, அங்கிருந்து நியூட்ரான் கிளம்பும். மண்ணின் ஈரத்தை அளக்க அது உதவுகிறது. ஆக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் ஒரே நேரத்தில் காமாவுக்கும் நியூட்ரானுக்கும் நடுவில் நிற்கிறார். அவர் சட்டையில் குத்தியிருப்பதோ ஒரே ஒரு பேட்ஜ்.

பெரும்பாலும் அது டி.எல்.டி., அதாவது வெப்ப ஒளிர்வுக் கதிரளவி. உள்ளே லித்தியம் ஃபுளோரைடு போன்ற படிகத்தின் சிறு சில்லு இருக்கும். கதிர் படும்போது படிகத்தில் எலக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து, வேண்டுமென்றே கலக்கப்பட்ட மக்னீசியமும் டைட்டானியமும் உண்டாக்கிய பொறிகளில் சிக்கிக்கொள்கின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆய்வகத்தில் சில்லைச் சூடாக்கினால், ஏறத்தாழ 200 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அவை விடுபட்டு மங்கலான வெளிச்சமாகத் தம் ஆற்றலைக் கொட்டிவிடும். அந்த வெளிச்சத்தை அளந்துதான் உங்கள் பெயருக்கு நேராக ஓர் எண்ணை எழுதுகிறார்கள். 1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபாரிங்டன் டேனியல்ஸ் குழுவினர் தொடங்கிவைத்த வழி இது. இன்று மருத்துவமனையிலிருந்து விண்வெளி நிலையம் வரை பயன்படுகிறது.

சிக்கல் ஒன்று உண்டு. வெளிச்சம் காமாவால் வந்ததா நியூட்ரானால் வந்ததா என்று வெளிச்சத்தின் அளவே சொல்லாது. மழை தூறிய காலையில் பால்மரத்து மங்கு நிறைந்திருந்தால், அதில் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மெட்ரோலாக் விட்டுப் பார்த்தால்தான் ரப்பர் எவ்வளவு என்று தெரியும். பேட்ஜுக்கும் அப்படிப் பிரித்துப் பார்க்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு உங்கள் பேட்ஜில் இருக்கிறதா என்பதிலிருந்தே தொடங்குவோம்.

பேட்ஜ் வாங்கும் முன்

செய்ய வேண்டியது: எந்தக் கதிர்மூலத்தோடு வேலை செய்கிறீர்கள் என்பதை அளவி ஆய்வகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். "கதிர்வீச்சு வேலை" என்று எழுதினால் போதாது. சீசியம்-137, அமெரிசியம்-பெரிலியம், எந்த மாதிரிக் கருவி, வாரத்தில் எத்தனை மணி நேரம், பெட்டியைக் கையில் தூக்குவீர்களா வண்டியில் மட்டும் கொண்டுபோவீர்களா என்பதுவரை எழுதுங்கள். ஆய்வகத்தில் இருப்பவர் உங்கள் களத்தைப் பார்த்ததில்லை. சில்லு தரும் வெளிச்சத்தை உடல் வாங்கிய கதிரளவாக, அதாவது மில்லிசீவர்ட்டாக மாற்றும் கணக்கை, நீங்கள் சொல்லும் தகவலை நம்பித்தான் அவர் போடுகிறார்.

கூடாது: பேட்ஜ் போட்டிருக்கிறோம், ஆகவே எல்லாக் கதிரும் பதிவாகிறது என்று நினைக்கக் கூடாது. கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

இயற்கையில் கிடைக்கும் லித்தியத்தில் 7.5 விழுக்காடு லித்தியம்-6, மீதி லித்தியம்-7. வேகம் தணிந்த நியூட்ரான் ஒன்று லித்தியம்-6 அணுவில் பட்டால், அணு அதை விழுங்கி, ஓர் ஆல்ஃபா துகளாகவும் ஒரு டிரிட்டியம் கருவாகவும் உடையும். 4.78 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் சில்லுக்குள்ளேயே இறங்கும். லித்தியம்-7 அப்படிப்பட்ட நியூட்ரானை ஏறக்குறையக் கண்டுகொள்வதே இல்லை. இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். லித்தியம்-6 செறிவூட்டிய சில்லு டி.எல்.டி-600. லித்தியம்-7 மட்டும் என்று சொல்லத்தக்க அளவுக்குச் செறிவூட்டியது டி.எல்.டி-700. காமாவை இரண்டும் ஒரே மாதிரிதான் பார்க்கும். இரண்டையும் ஒரே பேட்ஜில் அருகருகே வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது நியூட்ரான். சாதாரண லித்தியச் சில்லான டி.எல்.டி-100 தனியாக இருந்தால் இரண்டும் கலந்த ஓர் எண்ணைத்தான் தரும். அந்த எண்ணை மட்டும் வைத்து அதைப் பிரிக்க வழியே இல்லை.

இத்தோடும் முடியவில்லை. லித்தியம்-6 பிடிப்பது வேகம் தணிந்த நியூட்ரானை. நியூக்ளியர் கேஜிலிருந்து வருவதோ சராசரியாக 4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள வேக நியூட்ரான். அதில் மிகப் பெரும்பகுதி சில்லை ஊடுருவிப் போய்விடும், ஒரு தடமும் வைக்காது. பிறகு எப்படித்தான் பதிவாகிறது? நியூட்ரான் நம் உடலுக்குள் நுழைந்து, அங்குள்ள நீரின் ஹைட்ரஜனோடு மோதி மோதி வேகம் இழக்கிறது. அவற்றில் ஒரு பங்கு உடலிலிருந்து திரும்பி வெளியே வரும். அப்படித் திரும்பி வரும் மெதுவான நியூட்ரானைத்தான் மார்பில் ஒட்டியிருக்கும் சில்லு பிடிக்கிறது. அல்பிடோ முறை என்பார்கள். உங்கள் கேஜ் மண்ணின் ஈரத்தை அளப்பதும் இதே முறையில்தான்: மண்ணில் உள்ள தண்ணீர் நியூட்ரானை மெதுவாக்கித் திருப்பி அனுப்புகிறது, கருவி அதை எண்ணுகிறது. மண்ணுக்குப் பதில் இங்கே உங்கள் உடம்பு. இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் பேட்ஜை அலட்சியமாகத் தொங்கவிட மாட்டார் என்று நம்புகிறேன்.

செய்ய வேண்டியது: அமெரிசியம்-பெரிலியத்தோடு வேலை என்றால், வேக நியூட்ரானை நேரடியாகக் காணும் சி.ஆர்-39 பட்டையும் பேட்ஜில் உண்டா என்று கேளுங்கள். அது ஒரு வகை பிளாஸ்டிக். நியூட்ரான் அதில் உள்ள ஹைட்ரஜனை முட்டித் தள்ளும்போது நுண்ணிய வடு விழுகிறது. சூடான காரக் கரைசலில் ஊறவைத்தால் வடு குழியாகப் பெரிதாகும். நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவார்கள். காமா அதில் வடு எதுவும் விடாது. இந்தியாவில் வேக நியூட்ரான் சூழலில் வேலை செய்பவர்களுக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் பயன்படுத்துவது இதையே. விண்வெளி வீரர்களுக்கும் டி.எல்.டி.யோடு சேர்த்து இதைக் கொடுத்திருக்கிறார்கள். விண்வெளியில் வரும் கனமான துகள் படிகத்தில் ஒரு குறுகிய தடத்தில் தன் ஆற்றலை அடர்த்தியாகக் கொட்டும்போது, அங்குள்ள பொறிகள் நிரம்பிவிடும். மீதி ஆற்றல் வெளிச்சமாக மாறாமல் வீணாகும். ஆகவே அத்தகைய துகளுக்கு டி.எல்.டி. உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். இரண்டு அளவிகளைச் சேர்த்து வைப்பதற்கு அதுவே காரணம்.

கூடாது: "அங்கே கொடுக்கும் பேட்ஜ்தானே, இங்கேயும் அதுவே போதும்" என்று ஒரு வேலைக்கு வாங்கிய பேட்ஜை இன்னொரு வேலைக்குப் போடக் கூடாது. போர்ட்டிக்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் குழாய் வெல்டிங்கை இரிடியம்-192 வைத்துப் படம் எடுக்கும் அண்ணனின் பேட்ஜும், சாலை போடும் இடத்தில் கேஜ் தூக்கும் தம்பியின் பேட்ஜும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். அண்ணனுக்குக் காமா மட்டும். தம்பிக்கு நியூட்ரானும் உண்டு.

செய்ய வேண்டியது: நியூட்ரான் பகுதிக்கு அளவுத்திருத்தம் எந்த மூலத்தில் செய்யப்பட்டது என்று கேட்கத் தயங்காதீர்கள். நீலாயிலிருந்து எட்டும் தூரத்தில், பாங்கியில், 1982 ஜூன் 28 அன்று முதன்முதலாக இயங்கத் தொடங்கிய 1 மெகாவாட் புஸ்பாத்தி அணு உலை இருக்கிறது. அங்கேயும் காமாவும் நியூட்ரானும் கலந்த சூழல்தான். ஆனால் உலையைச் சுற்றித் தண்ணீரும் கான்கிரீட்டும் நிறைய இருப்பதால் வெளியே கசியும் நியூட்ரானில் வேகம் தணிந்தவை மிகுதி. கேஜிலோ தணியாதவை மிகுதி. அல்பிடோ பேட்ஜ் மெதுவான நியூட்ரானுக்கு நிறையவும், வேக நியூட்ரானுக்குக் கொஞ்சமாகவும் வெளிச்சம் தரும். ஒரே மில்லிசீவர்ட்டுக்கு இரண்டு இடங்களிலும் கிடைக்கும் வெளிச்சம் பல பத்து மடங்கு வேறுபடலாம். உலைக்கு ஏற்ற திருத்தக் காரணியை எடுத்து கேஜ் தொழிலாளிக்குப் போட்டால், அவர் வாங்கியது காகிதத்தில் சுருங்கிவிடும். சுருங்கியது நியூட்ரான் என்பது சாதாரண விஷயமில்லை. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு 2007-இல் வகுத்த கணக்குப்படி, உடலுக்கு ஆகும் தீங்கைக் கணக்கிடும் எடைக் காரணி காமாவுக்கு 1 என்றால், 4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்கு அது ஏறத்தாழ 13. 1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அருகே 20-ஐத் தாண்டும்.

களத்தில்

செய்ய வேண்டியது: பேட்ஜை உடம்போடு ஒட்டி, மார்பிலோ இடுப்பிலோ, எப்போதும் ஒரே இடத்தில், முகப்பு வெளியே தெரியும்படி அணியுங்கள். உடலிலிருந்து திரும்பும் நியூட்ரானை நம்பி வேலை செய்யும் பேட்ஜ், உடலிலிருந்து விலக விலகக் குறைத்துப் பேசும். கழுத்துக் கயிற்றில் தொங்கி, குனியும்போதெல்லாம் முன்னால் ஆடும் பேட்ஜ் அரை உண்மைதான் சொல்லும். மழைக்கோட்டு போட்டால் கோட்டுக்கு உள்ளே, சட்டைமேல் இருக்கட்டும். திருப்பிப் போடவும் கூடாது. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் வைத்திருக்கும் தகடுகள் வெவ்வேறு. எது உடம்புப் பக்கம், எது வெளிப்பக்கம் என்று கணக்கிட்டே வைத்திருக்கிறார்கள்.

கூடாது: பேட்ஜைப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டிவைக்கக் கூடாது. மறந்துவிடாமல் இருக்க இப்படிச் செய்வோர் உண்டு. பேட்ஜ் அப்போது பெட்டி வாங்கியதைத்தான் சொல்லும், உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கூடாது: நாணயம், சாவி, கைப்பேசி இருக்கும் பைக்குள் போடக் கூடாது.

கூடாது: வேனின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. உச்சி வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியின் டாஷ்போர்டு 70 பாகையையும் தாண்டும். சூடாக்கினால் வெளிச்சத்தை விட்டுவிடுவதுதான் இந்தப் படிகத்தின் இயல்பு என்பதை நினைவில் வையுங்கள். ஆய்வகத்தின் 200 பாகை அளவுக்கு இல்லாவிட்டாலும், ஆழமில்லாத பொறிகளில் கிடக்கும் எலக்ட்ரான்கள் இந்தச் சூட்டிலேயே நழுவத் தொடங்கும். சில்லுக்குச் சில்லு நழுவும் அளவு வேறானால், கழித்துப் பார்த்து நியூட்ரானைக் கண்டுபிடிக்கும் கணக்கும் தடுமாறும். நேர் வெயிலின் புற ஊதாக் கதிரும் சில வகைப் படிகங்களுக்கு ஆகாது.

கூடாது: சட்டையோடு சேர்த்துத் துவைக்கப் போடக் கூடாது. வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ இதை ஒருமுறை சொல்லிவையுங்கள்.

செய்ய வேண்டியது: ஈயத்தை நம்புவதைவிடத் தூரத்தை நம்புங்கள். சீசியம் பதித்த கம்பியை உள்ளே இழுத்துப் பூட்டினால் அதன் காமாவில் பெரும்பகுதி கவசத்துக்குள் அடங்கிவிடும். அமெரிசியம்-பெரிலியம் பெட்டியின் அடியில் நிரந்தரமாக இருக்கிறது. கம்பி உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் நியூட்ரான் வந்துகொண்டேதான் இருக்கும். ஈயம் அதைத் தடுக்காது. ஹைட்ரஜன் நிறைந்த பொருள், அதாவது தண்ணீர், பாலித்தீன் போன்றவைதான் வேகத்தைத் தணிக்கும். அளவு எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று அடி பின்னால் போய் நின்றாலே பெரிய வித்தியாசம். பெட்டியின்மேல் உட்கார்ந்து காத்திருப்பது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

செய்ய வேண்டியது: வண்டியில் கருவியைப் பூட்டி, கட்டி, இறங்கும்போதெல்லாம் பாருங்கள். 2018 ஆகஸ்ட் 10 அன்று சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குப் பிக்கப் வண்டியில் கொண்டுபோன இரிடியம்-192 ரேடியோகிராஃபிக் கருவி, 23 கிலோ எடையுள்ளது, வழியில் காணாமற்போனது. நம் மாநிலத்திலிருந்து கிளம்பிய கருவி. பேட்ஜ் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், கருவி ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் கைக்குப் போய்விட்டால் அவர் சட்டையில் பேட்ஜ் இருக்காது.

ஸ்டோரில்

கட்டுப்பாட்டு பேட்ஜ் என்று ஒன்று ஒவ்வொரு கட்டோடும் வரும். யாரும் அணிவதில்லை என்பதால் யாரும் மதிப்பதுமில்லை. என் பார்வையில், ஒரு நிறுவனம் தன் ஆட்களை எப்படிப் பார்க்கிறது என்பதை அந்த ஒரு பேட்ஜ் தொங்கும் இடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

செய்ய வேண்டியது: கட்டுப்பாட்டு பேட்ஜை அலுவலகத்தில், கதிர்மூலம் வைக்கும் அறையிலிருந்து நன்றாக விலகிய ஓர் இடத்தில் வையுங்கள். மற்ற பேட்ஜ்களையும் வேலை முடிந்ததும் அதன் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். இயற்கையாகவே வரும் கதிர்வீச்சு எவ்வளவு என்பதை அது காட்டும். ஆய்வகம் அதை எல்லார் எண்ணிலிருந்தும் கழிக்கும். தித்திவாங்சா மலைத்தொடரின் தென்பகுதி நெகிரி செம்பிலான் வழியாகப் போகிறது. கிரானைட் பாறையில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு இருக்கும் என்பதால், நம் ஊரில் இந்தக் கழித்தல் வெறும் சடங்கு ஆகாது.

கூடாது: கட்டுப்பாட்டு பேட்ஜை கேஜ் இருக்கும் ஸ்டோரில் வைக்கவே கூடாது. அங்கே அது மாதம் முழுக்கக் காமாவும் நியூட்ரானும் வாங்கும். பிறகு ஆய்வகம் அந்தப் பெரிய எண்ணை உங்கள் எண்ணிலிருந்து கழிக்கும். நீங்கள் வாங்கியது அத்தனையும் காகிதத்தில் மறைந்து, வரிசையாக எல்லாருக்கும் சுழி வரும். எல்லாருக்கும் எல்லா மாதமும் சுழியே வருகிறது என்றால் மகிழ்வதற்கு முன் ஸ்டோருக்குப் போய்ப் பாருங்கள்.

கூடாது: வேலை முடிந்து பேட்ஜை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கப் போகும்போதும் அணியக் கூடாது.

எக்ஸ்ரே என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்பாக்கத்திலோ தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலோ வேலை பார்க்கும் உறவினர் உங்களுக்கு இருக்கலாம். அவர்கள் அணியும் பேட்ஜில் பெரும்பாலும் லித்தியம் இருக்காது. டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானில் பதித்த மூன்று வட்டுகள் இருக்கும். மிக நுண்ணிய அளவையும் காட்டக்கூடிய பொருள். ஆனால் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே உள்ள மென்மையான எக்ஸ்கதிருக்கு அது கோபால்ட் காமாவுக்குத் தருவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வெளிச்சம் தந்துவிடும். லித்தியம் ஃபுளோரைடோ கோபால்ட் காமாவுக்குத் தருவதைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கூடுதலாகத் தரும், ஏனென்றால் அதன் அணு எண் நம் தசையின் அணு எண்ணுக்கு அருகில் இருக்கிறது. கால்சியம் சல்பேட்டின் மிகையைச் சரிக்கட்டவே ஒரு வட்டுக்கு உலோகத் தகடு, ஒன்றுக்கு பிளாஸ்டிக், ஒன்றைத் திறந்து விட்டிருக்கிறார்கள். மூன்று வெளிச்சங்களின் விகிதத்தைப் பார்த்து வந்தது பீட்டாவா, எக்ஸ்கதிரா, காமாவா என்று ஊகிக்கிறார்கள். ஒரே வகைக் கதிர் என்றால் ஊகம் நன்றாகவே பலிக்கும். பீட்டாவும் மென் எக்ஸ்கதிரும் சேர்ந்து வந்தால், திறந்த வட்டு இரண்டாலும் ஒளிரும். விகிதம் மூன்றாவது ஏதோ ஒன்றைப் போலத் தோன்றலாம். அங்கே வேலை பார்ப்பவருக்கும் நான் சொல்வது இதுதான்: எந்த அறையில், எந்தக் கதிரோடு இருந்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். திறந்த வட்டின்மேல் பெயர் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பீட்டாவை அந்தத் தாளே குறைத்துவிடும்.

அறிக்கை வந்த பிறகு

செய்ய வேண்டியது: முதலில் தலைப்புகளைப் படியுங்கள். உடலின் ஆழ்ந்த பகுதிக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும். நியூட்ரானுக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் நியூட்ரானை யாரும் அளக்கவில்லை என்றே பொருள். உங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் அன்றே கேளுங்கள். கேட்பது குற்றமில்லை. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டமும், அதன்கீழ் 2010-இல் வந்த அடிப்படைப் பாதுகாப்பு விதிகளும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று வரம்பு போட்டிருப்பது எல்லாக் கதிரையும் சேர்த்துத்தான். காமாவுக்கு மட்டும் போட்ட வரம்பு என்று ஒன்று கிடையாது.

கூடாது: பீதி அடையவும் கூடாது. ஒழுங்காகக் கையாளப்படும் நியூக்ளியர் கேஜ், தன்னைத் தூக்குபவருக்குத் தருவது அந்த 20-இல் ஒரு சிறு பகுதிதான். அளவு சின்னதாக இருக்கிறது என்பதை அளந்து தெரிந்துகொள்வது வேறு, அளக்காமலே சின்னது என்று எழுதிவைப்பது வேறு. இரண்டாவதைத்தான் நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கூடாது: நியூட்ரான் கட்டத்தில் ஒரு மாதம் 0.10, அடுத்த மாதம் 0.15 என்று வந்தால் அதை வைத்துச் சண்டை பிடிக்கக் கூடாது. கழித்து வரும் எண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு. லித்தியம்-6 சில்லு 1.10 காட்டுகிறது, லித்தியம்-7 சில்லு 1.00 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு ஐயம் இருந்தாலே, மிஞ்சும் 0.10-இல் 0.07 அளவுக்கு ஐயம் ஏறிக்கொள்ளும். காமா மிகுதியாகவும் நியூட்ரான் குறைவாகவும் உள்ள இடத்தில் இந்த முறை தடுமாறுவது இதனால்தான். பல மாதங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் போக்கு தெரியும்.

செய்ய வேண்டியது: வழக்கத்துக்கு மாறாகப் பெரிய எண் வந்தால், ஒளிர்வு வளைகோட்டைப் பார்த்தார்களா என்று ஆய்வகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். சூடு ஏற ஏற வெளிச்சம் எப்படி ஏறி இறங்கியது என்பதைக் காட்டும் கோடு அது. தூசியோ எண்ணெய்க் கறையோ எரிந்து வந்த வெளிச்சம் என்றால் கோட்டின் வடிவமே காட்டிக்கொடுக்கும். ஆல்ஃபா போன்ற கனத்த துகள் பட்ட லித்தியச் சில்லில் 250 பாகைக்கு மேல் வரும் சிகரங்கள் வழக்கத்தைவிட ஓங்கியிருக்கும். நியூட்ரான் பட்டதற்கு அதுவும் ஒரு தடயம். ஒருமுறை சூடாக்கிவிட்ட சில்லில் பழைய கணக்கு ஏறக்குறைய அழிந்துவிடும். மறுபடி வைத்துப் படிக்க முடியாது. மிஞ்சுவது அந்தக் கோடு மட்டும்தான், அதைச் சேமித்து வைத்திருக்க வேண்டும்.

கூடாது: மூச்சில் போனதையும் பேட்ஜ் சொல்லும் என்று எண்ணக் கூடாது. ஈய லம்பத்துக் கழிவான அமாங்கில் மோனசைட் உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலிலும் உண்டு. அதில் இருக்கும் தோரியத்திலிருந்தும் அதன் வழித்தோன்றல்களிலிருந்தும் ஆல்ஃபா, பீட்டா, காமா மூன்றும் வரும். ஆல்ஃபா பேட்ஜின் உறையையே தாண்டாது. தூசியாக நுரையீரலுக்குள் போனால் அங்கே அது செய்வது வேறு கதை. ஈப்போ புக்கிட் மேராவில் மோனசைட்டைப் பக்குவப்படுத்திய ஆலைக்கு எதிராக மக்கள் வழக்காடி, 1992 ஜூலையில் உயர் நீதிமன்றத் தீர்ப்புப் பெற்றார்கள். 1993 டிசம்பரில் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டாலும் ஆலை பிறகு மூடப்பட்டது. அந்த மாதிரி இடத்தில் வேலை என்றால் காற்று மாதிரி, சிறுநீர்ப் பரிசோதனை என்று வேறு வழிகள் உண்டு. அவற்றைக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது: வேலை மாறும்போது உங்கள் கதிரளவுப் பதிவின் நகலை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம், இன்னொன்றில் ஆறு மாதம் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆண்டு வரம்பு நிறுவனத்துக்கு ஒன்றாக இல்லை, ஆளுக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. நகலின் ஓரத்தில் உங்கள் கையாலேயே எழுதிவையுங்கள்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, எந்தக் கருவி, பேட்ஜில் நியூட்ரான் பகுதி இருந்ததா இல்லையா. புதிய இடத்தின் பாதுகாப்பு அதிகாரி கேட்க வேண்டிய முதல் மூன்று கேள்விகள் அவைதாம். அவர் கேட்க மறந்தாலும் தாள் உங்கள் கையில் இருக்கும்.